கூடத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை ஓய்ந்தும் தாழ்வாரத்து ஓடுகளிலிருந்து நீர் சொட்டுவது ஓயாத ஒரு மாலைப்பொழுதில், மின்சாரம் போய்விட்டபடியால் ஒற்றை எமர்ஜென்சி விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் நானும் என் மனைவியும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இரண்டு கவளம் உண்ட பிறகு, அம்மா தன் தட்டைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்து, மிகச் சாதாரணமான குரலில், "ஏம்மா, ஊஞ்சலுக்குக் கீழே அந்த ரெண்டு குழந்தைங்க ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கே, அதுங்களுக்கும் ஒரு வாய் சாதம் போடேன்" என்றாள்.

ஊஞ்சலுக்குக் கீழே சுருட்டி வைத்த ஒரு கோரைப்பாயைத் தவிர வேறொன்றும் இல்லை. "அங்கே யாரும் இல்லையேம்மா" என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அம்மா என்னையும் ஊஞ்சலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மிச்சமிருந்த சாதத்தை உண்ணாமலே கையைக் கழுவிக்கொண்டாள். அந்தக் கடுமைக்காக நான் இன்றளவும் வருந்துகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அந்த வருத்தந்தான்.

அம்மாவுக்கு அப்போது வயது 74. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆரம்பப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள். நம் முன்னோர் நடுக்குவாதம் என்றும், இன்றைய மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்றும் சொல்லும் உபாதை ஆறு ஆண்டுகளாக அவளைப் பற்றியிருந்தது. வலக்கை நடுக்கமும், நடையின் தளர்ச்சியும், எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துப் போவதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. ஆனால் கண்ணெதிரே இல்லாததைக் காண்பது என்பது அந்த நோய்க்குரிய லட்சணங்களில் ஒன்று என்று எங்களிடம் அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவே சித்தி தொலைபேசியில் அழைத்து, "காத்து கருப்பு ஏதாவது பட்டிருக்கும், குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மண்டலம் தங்கிட்டு வா" என்று அன்போடு சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "வாத்தியாரம்மாவா இருந்தவங்கல்லே, பழைய ஞாபகத்தில பிள்ளைங்க கண்ணுல தெரியுறாங்க" என்று ஆறுதல் கூறினார். இரண்டு விளக்கங்களும் கேட்பதற்கு இசைவாகத்தான் இருந்தன. உண்மையோ வேறிடத்தில் இருந்தது.

மறுவாரம் நாங்கள் போய்ப் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, "குழந்தைங்க என்ன பண்ணுவாங்க, பாட்டி? உங்ககூடப் பேசுவாங்களா?" என்று கேட்டார். "பேசாதுங்க. சும்மா பார்த்துக்கிட்டு இருக்குங்க" என்றாள் அம்மா. "பாய் இல்லாத இடத்திலேயும் தெரியுமா?" "கிணத்தடியிலே தெரியும், மாடிப்படியிலே தெரியும்." "எப்பலேருந்து?" "ஆடி மாசத்திலேருந்து." நான் திடுக்கிட்டுப்போனேன். ஆடியிலிருந்து ஐப்பசி வரையில், ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், என் தாய் தினந்தோறும் தான் கண்டதை எங்களிடம் மறைத்து வாழ்ந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் ஒரு வரிதான்: "சொன்னா, பைத்தியம்னு சொல்லிடுவீங்களேன்னுதான்."

அந்த ஒரு வரியின் பாரத்தை இறக்கி வைக்கவே, கடந்த சில மாதங்களாக இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

காட்சியில் நேரும் பிழைகளை நம் தர்க்க நூலார் ஐயம் என்றும் திரிபு என்றும் பிரித்தார்கள். தூரத்தில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். மங்கலில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. கோரைப்பாயைக் குழந்தையாகக் கண்டிருந்தால் அது திரிபு. பாய் இல்லாத கிணற்றடியிலும் குழந்தைகள் தெரிந்தார்களே, அங்கே திரிவதற்கு ஆதாரமாக ஒரு கயிறுகூட இல்லை. ஆதாரமே இல்லாமல் எழும் அந்தக் காட்சியைத்தான் மருத்துவம் பிரமைக்காட்சி என்று தனியே வைத்து எண்ணுகிறது. மருத்துவர் பாயைப் பற்றி ஏன் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இவற்றையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டுமானால், சரியாகப் பார்ப்பது என்பதே எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கண் ஒரு ஜன்னல் என்றும், அதன் வழியே உலகம் அப்படியே உள்ளே வந்து விழுகிறது என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் எட்மே மாரியட் என்ற பிரெஞ்சு அறிஞர், பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் நம் ஒவ்வொருவர் கண்ணும் குருடாகவே இருக்கிறது என்று காட்டினார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் நாம் உலகத்தில் எங்கும் ஒரு துளையைக் காண்பதில்லையே, ஏன்? சுற்றியுள்ள நிறத்தையும் கோலத்தையும் கொண்டு மூளை அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, காண்பது என்பதே நம்மை அறியாமல் நாம் செய்யும் ஓர் அநுமானம் என்றார். நாம் பிரத்தியட்சம் என்று சொல்வதற்குள்ளேயே அநுமானம் கலந்திருக்கிறது. கண் அனுப்பும் செய்தியும், மூளை ஏற்கெனவே வைத்திருக்கும் எதிர்பார்ப்பும் ஒரு தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து நிறுக்கப்பட்டு, அதன் தீர்ப்பாகத்தான் நாம் காணும் உலகம் நமக்குக் கிடைக்கிறது. அந்தத் தராசின் முள்ளைப் பிடித்திருப்பவை ரசாயனங்கள்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணு மற்றோர் அணுவோடு பேசும்போது, இரண்டுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியைப் பெரும்பாலும் ஏதேனும் ஒரு ரசாயனத் தூதன் கடந்துபோக வேண்டியிருக்கிறது. டோபமின், அசிட்டைல்கோலின், செரடோனின் முதலியவை அத்தகைய தூதர்கள். 'இது முக்கியம், இதைக் கவனி' என்று ஒரு செய்திக்குக் கனம் சேர்ப்பதில் டோபமினுக்குப் பெரும் பங்குண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியைத் தெளிவாகக் கேட்கும்படி செய்து, உள்ளிருந்து எழும் கற்பனை அதை மூழ்கடித்துவிடாமல் காப்பது அசிட்டைல்கோலினின் பணிகளுள் ஒன்று. முதலாவது மிகுந்தாலும், இரண்டாவது குறைந்தாலும், தராசு உட்பக்கமாகச் சாய்கிறது, எதிர்பார்ப்பே காட்சியாகிவிடுகிறது.

டோபமினின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கு ஓர் உரிமை உண்டு என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், சர்ப்பகந்தியின் வேர் சித்தப்பிரமையைத் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்து சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-இல் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குச் செலுத்தியபோது, அவை உயிரோடிருந்தும் அசைவற்று மரம்போல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும், சிறிது நேரத்துக்குள் எழுந்து நடமாடத் தொடங்கின. எல்-டோபா மூளைக்குள் புகுந்து டோபமினாக மாறியிருந்தது. இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காகக் கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. முயல்களை எழுப்பிய அந்த எல்-டோபாவோ, நம் வேலிகளில் படர்ந்து கிடக்கும் பூனைக்காலியின் விதையில் இயற்கையாகவே உள்ளது. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். ஒரு மூலிகையின் வேர் முயலை முடக்கியது. மற்றொரு மூலிகையின் விதையில் உள்ள பொருள் அதை நடக்கச் செய்தது.

1960-இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகேவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, அசைவுக்குரிய பகுதியில் டோபமின் வெகுவாக வற்றிப்போயிருப்பதைக் கண்டார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியஸ், டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை நடக்க வைத்தார். அம்மா வேளை தவறாமல் விழுங்கும் லெவோடோபா மாத்திரை அந்த ஆராய்ச்சிகளின் பிரசாதம்.

ஆனால் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டல்லவா? பார்க்கின்சன் நோயில் டோபமின் மூளை முழுவதும் ஒரே அளவில் வற்றுவதில்லை. கையையும் காலையும் ஆளும் பாதையில் பஞ்சம் வந்திருக்கும்போது, உணர்ச்சிக்கும் அர்த்தத்துக்கும் உரிய பாதைகளில் அது ஓரளவு நிறைந்தே இருக்கலாம். வறண்ட வயலுக்காகத் திறந்துவிட்ட மடைநீர், ஏற்கெனவே ஈரமான அடுத்த வயலில் வெள்ளமாகத் தேங்குவதைப்போல, கைக்குப் போதுமான மருந்து மனத்துக்கு மிகையாகிவிடுகிறது. இதன் நேர் எதிரான காட்சியை மனநோய் மருத்துவம் முன்னரே கண்டிருந்தது. 1952-இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் அசரீரிக் குரல்களால் அலைக்கழிக்கப்பட்டவர்கள் அமைதி பெற்றார்கள். ஆனால் அம்மருந்தை உண்டவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, முகம் உறைந்தது, நடை விறைத்தது. டோபமினைத் தடுத்தால் பிரமை அடங்கி நடுக்கம் வருகிறது. டோபமினைக் கூட்டினால் நடுக்கம் அடங்கிப் பிரமை வருகிறது.

1969-இல் நியூயார்க்கின் ஓர் ஆஸ்பத்திரியில், முன்பு பரவிய தூக்கக் கொள்ளைநோயிலிருந்து தப்பிப் பல பத்தாண்டுகளாகச் சிலைபோல் இருந்தவர்களுக்கு ஆலிவர் சாக்ஸ் எல்-டோபா கொடுத்தார். அவர்கள் விழித்தெழுந்த அற்புதத்தை அவருடைய 1973-ஆம் ஆண்டு நூல் உலகுக்குச் சொன்னது. அவர்களில் பலர் பின்னர் பிரமைக்கும் கட்டுக்கடங்காத அசைவுகளுக்கும் ஆளான துயரத்தையும் அதே நூல் மறைக்காமல் சொன்னது. 1817-இல் இந்த நோயை முதன்முதலாக வருணித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் புத்தியும் இதில் பழுதுபடுவதில்லை என்றே எழுதியிருந்தார். அந்த அபிப்பிராயம் வெகுகாலம் நிலைத்தது. 2000-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 216 நோயாளிகளைப் பொறுமையாகக் கேட்டு விசாரித்தபோது, ஏறக்குறையப் பத்தில் நான்கு பேர், முந்தைய மூன்று மாதங்களுக்குள் ஏதேனும் ஒரு பிரமையை அனுபவித்திருந்தார்கள். கடைக்கண்ணில் ஒரு பூனை ஓடியதுபோல் தோன்றுவது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் உணர்வது, சுவர்க்கறையில் முகம் தெரிவது என்று அது தொடங்குகிறது. சிலருக்கு முழு உருவங்களாக, வாய்பேசாத மனிதர்களாகவும், பிராணிகளாகவும், சிறு குழந்தைகளாகவும் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தையே அறியாதவர்களுக்கும் குழந்தைகள் தோன்றுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரின் விளக்கம் என் மனத்தைவிட்டு அகன்றது.

பிறகு அவர் அம்மாவின் மாத்திரைகளையெல்லாம் மேஜைமேல் பரப்பச் சொன்னார். லெவோடோபாவோடு, கை நடுக்கத்துக்கென்று ஆனி மாதத்தில் வேறொரு மருத்துவர் சேர்த்துக் கொடுத்திருந்த டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையும் அதில் இருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "ஊமத்தங்காய் தின்னவங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். சிறுவயதில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டும், எதிரே இல்லாதவர்களோடு பேசிக்கொண்டும் இருந்தார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபலமின் ஆகிய நஞ்சுகள் அசிட்டைல்கோலின் என்னும் தூதனின் வாயிலை அடைத்துவிடுகின்றன. அளவிலும் கடுமையிலும் எவ்வளவோ குறைந்ததாயினும், அம்மா தின்ற அந்த மாத்திரை தட்டுவதும் அதே வாயிற்கதவைத்தான். பார்க்கின்சன் நோயில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் அணுக்களும் அழிவதால், முதியவர்களுக்கு அந்த மருந்தை மிகுந்த எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனியில் மாத்திரை, ஆடியில் குழந்தைகள். எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது தூதனான செரடோனினையும் மறக்கக்கூடாது. 1943 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயன நிபுணர், தாம் உண்டாக்கிய எல்.எஸ்.டி. என்ற பொருளில் ஒரு கிராமின் நாலாயிரத்தில் ஒரு பங்கை உட்கொண்டார். அறையின் சாமான்கள் விகார ரூபம் கொண்டு அசைவதையும், உதவிக்கு வந்த அயல்வீட்டுப் பெண்மணி சூனியக்காரியாக மாறுவதையும் கண்டார். நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரின் உலகத்தைத் தலைகீழாக்க அந்த அணுவளவு போதுமானதாயிருந்தது. எல்.எஸ்.டி. முக்கியமாகப் பற்றிக்கொள்ளும் செரடோனின் வாயிலான ஏற்பியையே நோக்கி, டோபமினைத் தடுக்காமல் செயலாற்றும் பிமாவன்செரின் என்ற மருந்துக்கு, பார்க்கின்சன் நோயாளிகளின் பிரமைக்காக 2016-இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் பாதித்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998-இல் லண்டனில் டொமினிக் ஃபிட்ச் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பார்வை மங்கியதால் பிரமைக்காட்சிகள் காணும் மனிதர்களின் மூளையை, காட்சி எழுந்த அந்த நேரத்திலேயே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நிறம் கண்டவருக்கு நிறத்துக்குரிய பகுதியும், முகம் கண்டவருக்கு முகத்துக்குரிய பகுதியும் உயிர்பெற்று இயங்கிக்கொண்டிருந்தன. அம்மாவின் நோய் வேறு; ஆயினும் பிரமை காண்கிறவர் கற்பனை செய்வதுமில்லை, பொய் சொல்வதுமில்லை, அவர் உண்மையாகவே காண்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "அங்கே யாரும் இல்லையேம்மா" என்று நான் சொன்னபோது, கூடத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. அவள் கண்டாள் என்பதைப் பொறுத்தவரை அவள் சொன்னதும் சரி.

மருத்துவர் செய்தவை மிக எளியவை. இரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் சிறுநீர்த் தாரையில் கிருமித்தொற்று இருந்தது. தான் காண்பது மெய்யல்ல என்று அதுவரை உள்ளூர அறிந்திருந்த அம்மா, அன்று மாலை மட்டும் அதை மறந்து குழந்தைகளுக்குச் சோறு கேட்டதற்கு அந்தத் தொற்றும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்து காரணமாயிருக்கலாம் என்றார். தொற்றுக்கு மருந்து கொடுத்தார், டிரைஹெக்ஸிஃபெனிடிலை ஒரேயடியாக நிறுத்தாமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார், லெவோடோபாவைத் தொடவில்லை. கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். கூடத்திலும் மாடிப்படியிலும் நல்ல விளக்குகள் போடச் சொன்னார். மார்கழி பிறந்தபோது கிணற்றடியில் ஒருவரும் இல்லை. கை நடுக்கம் சற்று அதிகமாகத்தான் செய்தது. "நடுங்கட்டும், பரவாயில்லை" என்றாள் அம்மா.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் நடுக்குவாதத்தோடு வாழும் பெரியவர் ஒருவர் இருப்பாரானால், அவரிடம் தனியே உட்கார்ந்து, "கண்ணுக்கு வேற ஏதாச்சும் தெரியுதா? தெரிஞ்சா சொல்லுங்க, இந்த நோயில பல பேருக்கு அப்படித் தெரியுமாம்" என்று நீங்களாகவே கேளுங்கள், அவர் தாமாகச் சொல்லமாட்டார். அவர் சொன்னால் மறுத்து வாதாடாதீர்கள். ஆமென்று கூடச் சேர்ந்து நடிக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியலை, ஆனா உங்களுக்குத் தெரியுதுன்னு நம்புறேன்" என்று சொன்னால் போதும். அண்மையில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, காய்ச்சலோ நீர்க்கடுப்போ உண்டா, தண்ணீர் சரியாகக் குடிக்கிறாரா என்று பாருங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். பிரமைக்கென்று வேறு யாரேனும் மருந்து எழுதிக்கொடுத்தாலும், நடுக்குவாதம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். ஹாலோபெரிடால் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மிகவும் மோசமாக்கிவிடும். கோயிலுக்குப் போகவேண்டுமென்று அவர் மனம் விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

என் தாய் நான்கு மாதங்கள் அஞ்சியது அந்தக் குழந்தைகளைக் கண்டல்ல, எங்களைக் கண்டு. உங்கள் வீட்டில் எவரும் அப்படி அஞ்சும்படி விட்டுவிடாதீர்கள்.